கரியாஹாட் குழாய்நீரும் செடியின் பசியும்

தென்கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பைச் சுற்றியுள்ள பாலிகஞ்ச், ஏக்டாலியா, இந்துஸ்தான் பார்க், கோல்பார்க் பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்பதால், கீரையோ புதினாவோ வளர்க்க ஆசைப்படும் குடும்பத்துக்குக் கிடைப்பது அகலம் குறைந்த பால்கனியோ, சன்னல் ஓரமோ, எல்.இ.டி. விளக்கு மாட்டிய அறை மூலையோதான். இப்படி வீட்டுக்குள் செடி வளர்க்கத் தொடங்குவோர் முதலில் விளக்குக்கும் உரத்துக்கும் செலவழிக்கிறார்கள். செடி வெளுத்தால் உரம் போதவில்லை என்று முடிவுகட்டி மேலும் ஊற்றுகிறார்கள். ஆனால் இத்தகைய செடிகள் பெரும்பாலும் வாடுவது, தொட்டியில் சத்து இருந்தும் வேர் அதை உறிஞ்ச முடியாத வேதிச்சூழல் நிலவுவதால்தான். அந்தச் சூழலைத் தீர்மானிப்பதில் உரப் பொட்டலத்தைவிடக் குழாயில் வரும் தண்ணீருக்கே பங்கு அதிகம் என்பதால், ஊட்ட மேலாண்மை என்னும் பாடத்தைத் தண்ணீரிலிருந்து தொடங்குவதே முறை.

கொல்கத்தாவுக்கு மாநகராட்சி வழங்கும் குடிநீரில் பெரும்பகுதி ஹூக்ளி ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, வடக்கே பல்தாவிலும் தென்மேற்கே கார்டன் ரீச்சிலும் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. இதற்குத் துணையாகப் பல குடியிருப்புகள் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும் மேல்தொட்டியில் ஏற்றிக்கொள்கின்றன. கங்கை வண்டலின் ஊடே வரும் இந்த இருவகை நீரிலும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் பைகார்பனேட் உப்புகள் கரைந்திருப்பதால், நீர் பொதுவாக நடுநிலையைத் தாண்டிச் சற்றே காரப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆழ்கிணற்று நீரில் இரும்பும் சேர்ந்துவருவதுண்டு. இந்நீரை ஒரு வாளியில் பிடித்து இரவு முழுவதும் வைத்தால், காலையில் வாளியின் உட்சுவரில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருப்பதைக் காணலாம். நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாத நிலையில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்துவிட்டதன் அடையாளம் அது. அதே நீரை ஊற்றி வளர்த்த செடியின் இளந்தளிர்கள், நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறி இரும்புப் பற்றாக்குறையைக் காட்டுவது முரண்பாடாகத் தோன்றலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இரும்பு இருந்தும் வேருக்கு அது எட்டவில்லை என்பதே அதன் பொருள்.

இந்த எட்டாமையை விளக்குவது பி.எச். என்னும் அளவு. நீரில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைச் சிறிய எண்களால் குறிப்பதற்காக, கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பாலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டேனிஷ் வேதியியலாளர் சோரன்சன் 1909-இல் இதை வகுத்தார். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இது மடக்கை அளவு, அதாவது ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும் அளவு என்பதால், பி.எச். 8 உள்ள குழாய்நீரில் இருப்பதைவிட நூறு மடங்கு ஹைட்ரஜன் அயனிகள் பி.எச். 6 உள்ள கரைசலில் இருக்கின்றன. எண்ணில் இரண்டு என்று தெரியும் இந்த இடைவெளி செடிக்குப் பெரிய இடைவெளி. பி.எச். ஓர் எண் உயரும்போது கரைந்த நிலையில் நிற்கக்கூடிய பெர்ரிக் இரும்பு அயனியின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ், வேர் எளிதாக எடுத்துக்கொள்ளும் ஒற்றை மின்சுமை கொண்ட பாஸ்பேட் வடிவில், பி.எச். 6-இல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருக்கிறது, 7.2-இல் அது பாதியாகி, 8-ஐ நெருங்கும்போது ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. போதாக்குறைக்கு, அந்நிலையில் பாஸ்பேட் கால்சியத்துடன் இணைந்து வெண்மையாகப் படிந்தும் போகிறது. மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம் ஆகியவையும் காரப்பக்கத்தில் அடங்கிப்போகின்றன. மறுபுறம், பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் மாங்கனீசு தேவைக்கு மிஞ்சிக் கரைவதும், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றை வேர் எடுப்பது தடைப்படுவதும் உண்டு. மண்ணில்லாமல் நீரிலோ தென்னைநார்க் கழிவிலோ வளரும் செடிகளுக்கு 5.5 முதல் 6.5 வரை என்று வகுத்திருப்பது, எல்லாச் சத்துகளும் ஓரளவு தாராளமாகக் கிடைக்கும் பொதுவான இடைவெளி அதுதான் என்பதனால்.

தொட்டி மண்ணுக்கு இந்த விதி இவ்வளவு கறாரானதன்று. மண்ணில் உள்ள களிமண் துகள்களும் மக்கிய பொருளும் அயனிகளைப் பிடித்துவைத்து மெல்ல விடுவிப்பதால் பி.எச். மாற்றங்கள் தணிந்தே நடக்கின்றன. ஆகவே கங்கை வண்டலும் மாட்டுச்சாணமும் கலந்த மண்தொட்டியில் 6 முதல் 7 வரை இருந்தாலே பெரும்பாலான செடிகள் நிறைவாக வளரும். நீரில் அந்தத் தாங்குதிறன் கிடையாது. சிறு பிழையும் அதே நாளில் வேரைத் தொடும்.

தோட்டக்கலை ஆராய்ச்சியும் மண்ணில்லா வேளாண்மையும் வங்காளத்துக்குப் புதியவையல்ல. விதை, செடி, பயிர் ஆராய்ச்சிக்காக வில்லியம் கேரி 1820-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைக் கழகம் இன்றும் அலிப்பூரில் இயங்குகிறது. மண்ணில்லா வேளாண்மையை இந்தியாவுக்கு அறிமுகம் செய்தவராகக் கருதப்படும் ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ், 1946-இல் வங்காளத்தின் வடகோடியில் உள்ள மலை நகரமான காலிம்போங்கில் தம் சோதனைகளைத் தொடங்கினார். அங்கு உருவான முறையை விளக்கி அவர் எழுதிய ‘ஹைட்ரோபோனிக்ஸ்: தி பெங்கால் சிஸ்டம்’ 1951-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, கலிபோர்னியாவில் கெரிக் என்னும் ஆய்வாளர் பெரிய தொட்டிகளில் தக்காளி வளர்த்துக் காட்டியிருந்தார். 1938-இல் ஹோக்லாண்டும் ஆர்னானும் நீர்வளர்ப்புக்கான ஊட்டக் கரைசலை விரிவான சுற்றறிக்கையாக வெளியிட்டிருந்தனர். அந்த முயற்சிகள் ஆய்வுக்கூடத்தையோ வணிகப் பண்ணையையோ மனத்தில் கொண்டிருந்தன. டக்ளஸின் முறை எளிய குடும்பங்களை எண்ணியது: கல்சல்லியும் மணலும் நிரப்பிய ஆழமற்ற தொட்டி, கடையில் கிடைக்கும் உரங்களை எடைபோட்டுக் கலந்த உலர்கலவை, அதை மேலே தூவித் தண்ணீர் தெளிக்கும் வழக்கம், அவ்வளவே. மோட்டார், குழாய், காற்றுக் கருவி எதுவும் தேவைப்படாத இந்த முறை, இன்று விலையுயர்ந்த கருவித் தொகுப்புகளாக விற்கப்படும் உள்ளகத் தோட்டங்களைவிட ஓர் இந்தியக் குடும்பத்துக்குப் பொருத்தமானது. இது போதிய அளவு நினைவுகூரப்படாமல் போனது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

செடிக்கு இன்றியமையாதவை என்று அறிவியல் ஏற்றுக்கொண்ட தனிமங்கள் 17. அவற்றுள் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைத்துவிடுகின்றன. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்), கால்சியம், மக்னீசியம், கந்தகம் ஆகிய ஆறும் அதிக அளவில் வேண்டும் பேரூட்டங்கள். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் மிகச் சிறிய அளவில் போதுமான நுண்ணூட்டங்கள். தொடக்கநிலையாளர் கடையில் முதலில் எடுப்பது பெரும்பாலும் 19:19:19 என்று எழுதப்பட்ட நீரில் கரையும் உரம். முதன்மைச் சத்துகள் மூன்றும் சமமாக இருப்பதால் அது முழுமையானது போலத் தோன்றினாலும், அதில் கால்சியம் இல்லை. அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் உள்ளது. மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளின் யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியமாக உடைத்துத் தருகிறது. அந்த நுண்ணுயிரிகள் போதிய அளவில் இல்லாத நீர்க்கரைசலில் யூரியாவின் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும். மண்தொட்டிக்கு நல்ல உரமான இது, நீர்வளர்ப்புக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுவே.

நீர்வளர்ப்புக்கு ஏற்ற கரைசலை வேளாண் கடைகளில் கிடைக்கும் நான்கு உப்புகளைக் கொண்டே உருவாக்க முடியும். 10 லிட்டர் நீருக்குக் கால்சியம் நைட்ரேட் 5 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 2.5 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 1.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 2.5 கிராம் என்ற அளவில் கரைத்தால், லிட்டருக்குத் தழைச்சத்து சுமார் 110 மில்லிகிராமும், பாஸ்பரஸ் 34-உம், பொட்டாசியம் 135-உம், கால்சியம் 94-உம், மக்னீசியம் 24-உம் கிடைக்கும். கீரை வகைகளுக்கு இது போதுமானது. நுண்ணூட்டங்களை 10 லிட்டருக்கு என்று நிறுக்க வீட்டுத் தராசால் இயலாது. எனவே, 12 விழுக்காடு இரும்பு உள்ள கீலேட்டை 2 கிராம் எடுத்து ஒரு லிட்டர் நீரில் கரைத்துவைத்து, அதிலிருந்து 80 மில்லிலிட்டரை 10 லிட்டர் கரைசலில் ஊற்றினால் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இரும்பு சேர்ந்துவிடும். ஏனைய நுண்ணூட்டக் கலவைகளையும் இவ்வாறே தாய்க்கரைசலாக்கி அளக்கலாம். கீலேட் என்பது, ஓர் உலோக அயனியைக் கரிமச் சேர்மம் ஒன்று பல பக்கங்களிலும் பற்றிக்கொண்டு படியவிடாமல் காக்கும் அமைப்பு. அதிலும் இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 வரையும், டி.டி.பி.ஏ. வகை 7.5 வரையும்தான் இரும்பைப் பிடித்துவைக்கும், இ.டி.டி.எச்.ஏ. வகை அதற்கு மேலும் தாங்கும். காரமான நீரை அப்படியே வைத்துக்கொண்டு மலிவான கீலேட்டை எவ்வளவு ஊற்றினாலும் தளிர் பச்சையாகாததற்கு விளக்கம் இதில் அடங்கியிருக்கிறது.

கலக்கும் வரிசையில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. செறிவான நிலையில் கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட்டுடனோ சல்பேட்டுடனோ சேர்த்தால், கால்சியம் பாஸ்பேட்டும் ஜிப்சமும் உருவாகிப் பாத்திரத்தின் அடியில் வெண்படிவாக இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய சத்து செடிக்குப் பயன்படாது. விற்பனைக்கு வரும் ஊட்டக் கரைசல்கள் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு புட்டிகளாக வருவதற்குக் காரணம் இதுவே. முழு அளவு நீரை முதலில் எடுத்து, ஒன்றை ஊற்றி நன்கு கலக்கிய பிறகே மற்றொன்றை ஊற்ற வேண்டும், பி.எச். சரிசெய்வது எப்போதும் கடைசி வேலை, ஏனெனில் உரங்களே பி.எச். அளவைச் சற்றுக் கீழே இறக்கிவிடுகின்றன.

கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மின்கடத்துதிறன் காட்டும். சென்டிமீட்டருக்கு மில்லிசீமன்ஸ் என்னும் அலகில் அது அளக்கப்படுகிறது. கீரைகளுக்கு 0.8 முதல் 1.4 வரையும், காய்க்கும் நிலையில் தக்காளிக்கு 2-க்கு மேலும் பொருந்தும். மலிவான கருவிகள் இதையே பி.பி.எம். என்று மாற்றிக் காட்டும்போது சில 500-ஆலும் சில 700-ஆலும் பெருக்குவதால், ஒருவர் சொன்ன பி.பி.எம். எண்ணை மற்றவர் பின்பற்றிச் செடியைக் கருகவிடுவது நடக்கிறது. மில்லிசீமன்ஸ் அலகிலேயே பேசுவது பாதுகாப்பானது. குழாய்நீருக்கே சொந்தமாக ஒரு மின்கடத்துதிறன் இருப்பதால், அதை முதலில் அளந்துவைத்துக்கொண்டு, உரம் சேர்த்தபின் ஏறிய அளவை மட்டும் உரத்தின் கணக்கில் எழுத வேண்டும். வீட்டுக்குள் வெளிச்சம் வெயிலைவிடப் பல மடங்கு குறைவு. வெளிச்சம் குறைந்தால் ஒளிச்சேர்க்கையும் வளர்ச்சியும் குறைந்து சத்துத் தேவையும் குறைகிறது. எனவே புட்டியில் அச்சிட்டுள்ள அளவில் பாதியிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

பி.எச். அளவிலும் நீரின் குணம் குறுக்கிடுகிறது. பைகார்பனேட் மிகுந்த நீரில் அமிலத்தைச் சேர்த்தால், முதலில் அந்த அமிலம் பைகார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவதிலேயே செலவாகிவிடும். அது தீர்ந்த பிறகுதான் பி.எச். நிலையாகக் கீழிறங்கும். காலையில் 6-க்கு இறக்கிய கரைசல் மாலைக்குள் 7-ஐத் தாண்டுவதைக் கண்டு கருவி பழுதென்று எண்ணுவோர் பலர். கரைந்து நின்ற கார்பன் டை ஆக்சைடு காற்றில் வெளியேறுவதும் எஞ்சிய பைகார்பனேட்டும் சேர்ந்து செய்யும் வேலை அது. எலுமிச்சைச் சாறும் சிட்ரிக் அமிலமும் சில மணி நேரமோ சில நாட்களோதான் பலன் தரும், ஏனெனில் நுண்ணுயிரிகள் அவற்றை உண்டுவிடுகின்றன. நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நிலைத்து நிற்கும். அதைக் கையாளும்போது கையுறை அணிந்து, அமிலத்தைத்தான் நீரில் சொட்டுசொட்டாக விட வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துவோருக்கு நேர்மாறான சிக்கல்: தாங்குதிறனே இல்லாத அந்நீரில் இரண்டு துளி அமிலமும் பி.எச். அளவைச் சரித்துவிடும், கால்சியமும் மக்னீசியமும் அனேகமாக இராது. குழாய்நீரையும் ஆர்.ஓ. நீரையும் சமமாகக் கலந்து பயன்படுத்துவது இரு தொல்லைகளையும் ஒருசேரக் குறைக்கும்.

செடியும் தன் பங்குக்குப் பி.எச். அளவை மாற்றிக்கொண்டே இருக்கிறது. நைட்ரேட்டை உறிஞ்சும் வேர், மின்சுமைச் சமநிலைக்காகப் பைகார்பனேட்டையோ ஹைட்ராக்சைடையோ வெளியிடுவதால் பி.எச். உயரும், அம்மோனியத்தை உறிஞ்சினால் ஹைட்ரஜன் அயனியை வெளியிடுவதால் தாழும். நைட்ரேட் உரம் இட்ட தொட்டியில் பி.எச். நாளுக்கு நாள் மெல்ல ஏறுவது செடி பசியோடு உண்கிறது என்பதற்கான நல்ல அறிகுறி. 5.6-இல் விட்டு, 6.5-ஐ எட்டும்போது மீண்டும் இறக்கினால் போதும். தினமும் ஒரே எண்ணில் நிறுத்தப் போராடுவது அமிலத்தையும் காரத்தையும் மாறிமாறி ஊற்றி உப்பைப் பெருக்குவதில்தான் முடியும்.

அளக்கும் கருவி பொய் சொன்னால் எல்லாம் பாழாகும். பேனா வடிவப் பி.எச். கருவியை 7.00, 4.01 ஆகிய தரநிலைக் கரைசல்களில் அவ்வப்போது திருத்த வேண்டும். அதன் கண்ணாடி முனையை உலரவிடாமல் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்திருக்க வேண்டும், வாலை வடித்த நீரில் வைத்தால் அது கெட்டுப்போகும். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் புட்டிகளில் பல புரோமோதைமால் நீலம் என்னும் நிறங்காட்டியைக் கொண்டவை, அது 6.0 முதல் 7.6 வரைதான் நிறம் மாறும். கரைசல் 5.9 ஆனாலும் 4.5 ஆனாலும் அதே மஞ்சளைத்தான் காட்டும் என்பதை அறியாமல் அதை நம்புவது ஆபத்து.

வங்காளத்து மாடித்தோட்டங்களில் கடுகுப் புண்ணாக்குக்குத் தனி மரியாதை உண்டு. தமிழ்நாட்டில் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுவதுபோல, இங்கே அதைச் சில நாட்கள் ஊறவிட்டு, தெளிவை நீர்த்து வேருக்கு ஊற்றுகிறார்கள். ஏறத்தாழ 5 விழுக்காடு தழைச்சத்து உள்ள அது மண்தொட்டிக்கு மிக நல்ல உணவு. ஆனால் மூடிய அறையில் அதன் வாடை தாங்காது. நீர்வளர்ப்புத் தொட்டியிலோ, அதைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, வேர் மூச்சுத்திணறி அழுகும். கொல்கத்தாவின் சித்திரை, வைகாசி வெக்கையில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனெனில் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது. பித்தியம் என்னும் வேரழுகல் நோய்க்கிருமிக்கும் அந்தச் சூடு பிடித்தமானது. தொட்டியை வெளிச்சம் புகாதபடி மூடி, தரையில் நிழலான இடத்தில் வைத்து, சிறு காற்றுக் குமிழியை ஓடவிடுவது அக்காலத்தில் உரத்தைவிட முக்கியம்.

மழைக்காலம் வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. ஆடி, ஆவணியில் நகரத்தின் காற்று ஈரத்தால் கனத்திருக்க, இலைகளிலிருந்து நீராவிப்போக்கு மட்டுப்படுகிறது. கால்சியம் செடிக்குள் நீரோட்டத்தோடு மேலே போவதன்றி வேறு வழியில் நகராது. பழைய இலையில் சேர்ந்ததைப் புதிய இலைக்கு மாற்றித்தரவும் செடியால் இயலாது. ஆகையால் கரைசலில் கால்சியம் நிறைந்திருந்தும், லெட்டூஸ் போன்றவற்றின் இளம் இலை விளிம்புகள் கருகுகின்றன. இதற்கு மருந்து மேலும் கால்சியம் ஊற்றுவதன்று. ஒரு சிறு மின்விசிறி. இலைகளுக்கு இடையே காற்று அசைந்தால் நீராவிப்போக்கு மீண்டும் கால்சியத்தை மேலே இழுத்துவரும். இதே தருக்கம் குறைபாட்டு அறிகுறிகளைப் படிக்கவும் உதவும்: நகரக்கூடிய தழைச்சத்து, மக்னீசியம், பொட்டாசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அவற்றை எடுத்துக்கொள்வதால் கீழிலைகள் முதலில் வெளுக்கும், நகராத இரும்பும் கால்சியமும் குறைந்தால் தளிரில்தான் தெரியும். மஞ்சளைக் கண்டவுடன் உரத்தை நாடாமல், அது கீழிலையா தளிரா என்று முதலில் பார்க்க வேண்டும், தளிரானால் பி.எச். கருவியைத்தான் எடுக்க வேண்டும்.

தொடக்கத்துக்கு ஏற்ற பயிர், வங்காளிகள் கொல்மி என்று விரும்பி உண்ணும் வள்ளைக்கீரை. குளத்து நீரிலேயே படரும் இயல்புடைய அது, ஒரு தண்டை நீரில் நட்டால் வேர்விட்டு, சிறு பிழைகளைப் பொறுத்துக்கொண்டு கோடை முழுவதும் தழைக்கும். குளிர்காலத்தில் பாலக்கும் லெட்டூஸும் அதன் இடத்தை நிரப்பும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றும் பழைய கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல் பால்கனி மண்தொட்டிகளுக்கு நீர்த்து ஊற்றினால் ஒரு சொட்டும் வீணாகாது. இதையெல்லாம் தொடங்க நினைப்போர், விளக்கும் உரமும் வாங்குவதற்கு முன், தம் வீட்டுக் குழாய்நீரைக் கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் பிடித்து, அதன் பி.எச். அளவையும் மின்கடத்துதிறனையும் ஒரு தாளில் குறித்து, அந்தத் தாளைத் தொட்டிக்கு அருகிலேயே ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.